தேதியும் குரலும்: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சீரியல் நடிகையின் முதல் படம் – நிகழ்வு ஆய்வு

சீரியலில் பெயர் வாங்கிய ஒரு நடிகை சினிமாவில் தடுமாறினால், "பெரிய திரைக்கு அவர் முகம் எடுபடவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது அநியாயம். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் சிக்கல் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் முளைக்கிறது. ஒன்று தேதி, இன்னொன்று குரல். தேதியைச் சரியாக எழுதி வாங்காததால் என்னென்ன கெடும், குரலைக் கையை விட்டு விட்டால் என்னென்ன போகும் என்பதை ஒரு நிகழ்வை வைத்து இங்கே விவரமாகச் சொல்கிறோம்.

முதலிலேயே ஒரு விஷயம். இது எந்த ஒரு தனி நடிகையின் வாழ்க்கைக் குறிப்பும் அல்ல. இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடப்பவற்றைக் கோத்து, ஒருவர் மேல் ஏற்றிச் சொல்லும் மாதிரி நிகழ்வு. அதனால் பெயர் இல்லை, படத்துக்கும் சேனலுக்கும் பெயர் இல்லை. சம்பளத் தொகைகளும் கணக்கு புரிவதற்காக மட்டுமே. கடலும் காற்றும் சட்டமும் தொழில்முறையும் உள்ளபடியே.

அவர் யார்

பாம்பன் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் பிறந்தவர். பள்ளி மண்டபத்தில், கல்லூரி ராமநாதபுரத்தில். 21 வயதில் சென்னைக்கு வந்தார். இரண்டு ஆண்டுகள் தங்கை, தோழி, நர்ஸ் என்று சின்னச் சின்ன வேடங்கள். பிறகு ஒரு தினசரித் தொடரில் நாயகி. நான்கு ஆண்டுகள் அதே பாத்திரம். அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே கடற்பாசி எடுக்கும் பெண்ணாக ஒரு படத்தில் முக்கிய வேடம் வந்தது. படத்துக்கு அவர் தர வேண்டியது மொத்தம் 17 நாள்: பிப்ரவரியில் தொடர்ச்சியாக 12, மார்ச் கடைசியில் 5.

சின்னத்திரைக்கும் பெரிய திரைக்கும் நடுவே நடிகைகள் போய்வருவது புதிதல்ல. இதே மாவட்டத்துப் பரமக்குடியில் பிறந்த சுஹாசினி, கேமராவுக்குப் பின்னால் தொடங்கி 1980-ல் நடிகையாகி, 'சிந்து பைரவி'க்குத் தேசிய விருது வாங்கி, 1991-ல் தூர்தர்ஷனுக்காக 'பெண்' தொடரை இயக்கினார். 1978-ல் சினிமாவுக்கு வந்த ராதிகா, 1999-ல் 'சித்தி'யின் வழியாகத் தமிழ்க் குடும்பங்களின் இரவு நேரத்தையே மாற்றினார். அவர்களுக்குச் சினிமா முன்னால், சின்னத்திரை பின்னால். இப்போது பாதை எதிர்ப்பக்கமும் ஓடுகிறது. 'தெய்வமகள்' தொடரிலிருந்து வாணி போஜனும், செய்தி வாசிப்பிலிருந்தும் தொடரிலிருந்தும் பிரியா பவானி சங்கரும் படங்களுக்கு வந்தார்கள். இந்த எதிர்ப்பாதையில் வருகிறவர்களுக்குத்தான் நாம் பேசப்போகும் இரண்டு சிக்கலும்.

நான்கு ஆண்டுச் சீரியல் உடம்பில் விட்டுப்போனவை

தினசரித் தொடரின் வேகம் வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. ஒளிபரப்பாகும் ஓர் எபிசோடு 20 முதல் 22 நிமிடம். திங்கள் முதல் சனி வரை என்றால் மாதத்துக்கு 26 எபிசோடு. அதை நிரப்ப யூனிட் ஒரு நாளைக்கு ஒரு எபிசோடுக்குக் குறையாமல் எடுத்தாக வேண்டும். காலை 9 மணிக்கு முதல் ஷாட், முடியும்போது இரவு 9. இவ்வளவு வேகத்தில் வசனத்தை மனப்பாடம் செய்ய நேரமே கிடையாது. அதனால் பிராம்ப்டிங். கேமராவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் உதவி இயக்குநர் வரியைச் சொல்லச் சொல்ல, நடிகர் வாங்கித் திருப்பிச் சொல்கிறார். பின்னால் டப்பிங் கலைஞர் வேறு குரல் வைக்கிறார், பிராம்ப்டரின் சத்தம் அதோடு காணாமல் போகிறது.

இது ஒரு திறமை என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். காதில் ஒரு வரி விழும்போதே முகத்தில் முந்தைய வரியின் உணர்ச்சியைத் தாங்கி நிற்க எல்லோராலும் முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வரிக்கும் வரிக்கும் நடுவே அரை நொடி இடைவெளி விழுகிறது. சீரியலில் எடிட்டர் அந்த இடத்தில் எதிராளியின் முகத்தைச் செருகிவிடுவார், தெரியாது. படத்தில் நீளமான ஒரே ஷாட்டில், பக்கத்தில் நிஜமான பாசிக்காரப் பெண்கள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எதையோ கேட்பதுபோல் நின்றார். முதல் நாள் எடுத்த ஒரே ஒரு காட்சி 14 டேக் போனதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, வரி முடிந்ததும் முகத்தை அப்படியே பிடித்து நிற்கும் பழக்கம். அது மூன்று கேமரா வைத்து ரியாக்‌ஷன் வாங்கும் முறையில் வந்தது.

இதைச் சரிசெய்ய "இயல்பா பண்ணும்மா" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. பலித்த வழி இது: வசனத்தை முற்றுப்புள்ளி, கமா இல்லாமல் ஒரே ஓட்டமாக எழுதி மனப்பாடம் செய்வது. பிறகு கைக்கு ஒரு வேலை கொடுத்து, அந்த வேலை நிற்காமல் வசனம் சொல்வது. விரலில் துணி சுற்றிக்கொண்டே, வலைப்பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. கை நின்றால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் நாளில் இடைவெளி போய்விட்டது. படப்பிடிப்புக்கு முன்பே இந்த மூன்று நாளைக் கொடுத்திருந்தால் அந்த 14 டேக் மிச்சமாகியிருக்கும்.

வாய்வார்த்தைத் தேதி

இனி இந்த நிகழ்வின் பெரிய சேதத்துக்கு வருவோம்.

பிப்ரவரியில் 12 நாள் வேண்டும் என்று நடிகை தொடரின் தயாரிப்பு நிர்வாகியிடம் இரண்டு மாதம் முன்பே கேட்டார். "தாராளமா போயிட்டு வாங்கம்மா, பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. எழுத்தில் எதுவும் இல்லை. அவர் இல்லாத நாள்களைச் சமாளிக்கத் தொலைபேசிக் காட்சிகள் எடுத்து வைத்தார்கள். நாயகி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள், அங்கிருந்து பேசுகிறாள் என்று கதை. ஒரே நாளில் எட்டு போன் காட்சி, மூன்று புடவை. மறுமுனை ஆள்களை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், எல்லாத் தொடர்களும் செய்வதுதான்.

ஆனால் வியாழக்கிழமை தோறும் வரும் டி.ஆர்.பி., அதாவது எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற புள்ளி, அந்த வாரம் இறங்கியது. கதையைத் திருப்பினார்கள். நாயகி வீடு திரும்பி ஒரு கல்யாணத்தை நிறுத்த வேண்டும், உடனே. படப்பிடிப்பின் ஆறாம் நாள் மாலை பாம்பனுக்கு அழைப்பு வந்தது. பாம்பனிலிருந்து மதுரை விமான நிலையத்துக்குக் காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். இரவோடு இரவாகப் புறப்பட்டு, இரண்டு நாள் நடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். படக்குழுவுக்கு இரண்டு நாள் போனது. கணக்குப் புத்தகத்தில் சேதம் அவ்வளவுதான். உண்மையான சேதம் வேறு, அதைப் பார்க்க அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆறு நாள் உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் நின்றதில் முகமும் முழங்கைக்குக் கீழேயும் நன்றாகக் கறுத்திருந்தன. நீச்சல் கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுப்பாக, கண்ணைச் சுற்றி வட்டமாக இருந்தது. தொடரின் ஒப்பனைக்காரர் அவருடைய வழக்கமான அடிப்பூச்சைப் பூசினால் முகம் சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தது. இரண்டு நிறங்களைக் கலந்து சரிக்கட்டினார். கழுத்தும் கையும் ஒத்துவரவில்லை, முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டார்கள். அதே வாரம் ஒளிபரப்பான போன் காட்சியில் வெளுப்பாகவும் கல்யாணக் காட்சியில் கறுப்பாகவும் இருந்தார்.

அதைவிட மோசமானது புருவம். பாசி எடுக்கும் பெண்ணுக்குத் திருத்திய புருவம் இருக்காது என்று படத்துக்காக ஐந்து வாரம் த்ரெட்டிங் செய்யாமல் வளர்த்திருந்தார். கல்யாணக் காட்சிக்குத் தயார் செய்தபோது அழகுக் கலைஞர் வழக்கம்போல நூலை எடுத்து ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. நடிகை அசதியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது ஆறு நாள் காட்சியில் ஒரு முகம், ஏழாம் நாளிலிருந்து வேறு முகம்.

ஒரு தற்காலிக வழி இருந்தது. கூர்மையான பென்சிலால் முடி முடியாகப் புருவத்தை வரைவது. ஒரு ஷாட்டுக்கு முன் 20 நிமிடம் பிடித்தது. ஆனால் உப்புத் தண்ணீரில் தலை முங்கியதும் அழிந்தது. அதனால் தண்ணீரில் இறங்கும் காட்சிகள் எல்லாவற்றையும் மார்ச் கடைசிக்குத் தள்ளினார்கள். அங்கே ஐந்து நாள்தான் இருந்தது, இப்போது ஏழு தேவைப்பட்டது. தொடர்க்காரர்கள் ஐந்துக்கு மேல் தரவில்லை. மீதி இரண்டு நாள் மே நடுவில் போய் விழுந்தது.

மே மாதத்தில் அந்தக் கடல் வேறு கடல்.

இரண்டு கடல்

பாம்பன் தீவை அறிந்தவர்களுக்கு இது தெரியும். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தனுஷ்கோடியில் இவற்றை ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். மே தொடங்கித் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓங்கினால் தென்கடல் கலங்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் இதற்கு நேர்மாறு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று தணிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். பாசிப் படுகை தெரிகிற மாதிரி எடுக்க அதுதான் காலம். அப்போதுகூடக் காலை 10 மணிக்கு மேல் கடற்காற்று ஏறி மணலைக் கிளப்பும். ஆகவே தண்ணீருக்குள் வைக்கும் ஷாட் எல்லாம் சூரியன் எழுந்து மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

மே மாதம் தென்கடலில் ஒன்றும் எடுக்க முடியாமல் யூனிட் வடகரைக்கு மாறியது. அலை இல்லை, பாதுகாப்பு. ஆனால் தண்ணீரின் நிறம் வேறு. பாக் விரிகுடாக் கரையோரம் சேறு கலந்த பசுமஞ்சள், மன்னார் வளைகுடாவில் பவளக்கல்லின் மேல் நிற்கும் தெளிந்த நீலம். கலர் கரெக்‌ஷனில் முகம் நிறையும் குளோசப்களை மட்டும் காப்பாற்ற முடிந்தது. தண்ணீர் அதிகம் தெரிந்த வைட் ஷாட்கள் எல்லாம் வீண். இன்னொரு சிக்கலை யாரும் யோசிக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. பிப்ரவரியில் எடுத்த காட்சியில் பின்னணிக் கடல் வெறிச்சென்று இருந்தது. அதன் தொடர்ச்சியில் ஒரே வரிசையாகப் படகுகள்.

இந்தக் கடற்கரையில் படம் எடுக்க வருகிறவர்கள் அனுமதி விஷயத்தில் அலட்சியமாக இருக்கக் கூடாது. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகளும் சுற்றியுள்ள நீர்ப்பரப்புமாக 560 சதுர கிலோமீட்டர். அதற்குள் படம் எடுக்க வனத்துறையின் முன்அனுமதி வேண்டும். தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் பொதுவாக ஆளை விடுவதில்லை. ஆமை முட்டையிடும் மாதங்களில் இரவு விளக்கு போடவே கூடாது. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது, எல்லை அருகில் இருக்கிறது, எழுத்தில் அனுமதி இல்லாமல் ட்ரோனை எடுத்தால் கருவியும் போகும், ஆளும் காவல் நிலையத்தில் உட்கார வேண்டியதுதான்.

பாசிக்காரப் பெண்களோடு

சின்னப்பாலம், பாம்பன், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாகப் பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பருவத்துக்குத் தகுந்தபடி. உணவை உறையவைக்கப் பயன்படும் அகர் போன்றவை செய்ய அது போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் சுமார் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது, தடைக்காலத்தில் 45 நாள் அறவே நிறுத்துவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது இந்தப் பாதுகாப்புக்காகத்தான்.

இந்த 12 நாள் கணக்கு படப்பிடிப்புக்கு முக்கியம். அவர்களை அந்த நாள்களில் நடிக்கக் கூப்பிட்டால் மாத வருமானத்தில் ஓட்டை விழும். இந்தப் படத்தில் துணை நடிகர்களுக்கான வழக்கமான பேட்டா (தினப்படி) பேசப்பட்டது. இரண்டாம் நாளே பாதிப் பேர் வரவில்லை. அவர்கள் செய்தது முற்றிலும் நியாயம். அன்றைக்குக் கடலில் கிடைத்திருக்கக்கூடிய வருமானத்தை முதலில் ஈடுகட்டி, அதன்மேல் நடிப்புக்கான கூலியைக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் எழுத வேண்டிய தொகை அது.

அடுத்தது, எங்கே எடுப்பது. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கத் தடை இருக்கிறது. அங்கே வைத்து அவர்கள் முகம் தெரியப் படம் பிடித்தால் நாளைக்கு அது அவர்களுக்கு எதிரான சாட்சியாகும். எனவே காட்சி எல்லாம் கரையோர ஆழமில்லாத இடத்தில்தான். படத்துக்காகப் புதிதாகப் பாசி பறிக்கவில்லை, அவர்கள் முன்பே எடுத்து வைத்ததை வாங்கிப் பயன்படுத்தினார்கள். வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே பாசியின் நிறம் வெளுத்துவிடும். கடல்நீரில் நனைத்த சாக்கில் மூடி, நிழலில் வைத்து, ஷாட்டுக்கு ஷாட் எடுக்க வேண்டும்.

நடிகை இதே கரையில் பிறந்தவர்தான், ஆனால் பாசிக்கு இறங்கிப் பழக்கமில்லை. கல்லும் முள்ளும் விரலைக் கிழிக்கும் என்பதால் பெண்கள் விரல்களில் பழந்துணிக் கிழிசலைச் சுற்றிக்கொள்வார்கள். புடவைக்கு மேல் ஆண்களின் சட்டை, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. முதல் நாள் இவர் உலர்ந்த துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு இறங்கினார். நனைந்ததும் முடிச்சு இன்னும் இறுகி விரல்நுனி மரத்துப்போனது, பாசியைப் பிடித்தாரா விட்டாரா என்றே தெரியவில்லை. துணியை நனைத்து, விரலை லேசாக மடக்கி வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா அவர் கையைப் பிடித்துக் காட்டினார்: "தாயி, புடுங்காத. கிள்ளி எடு. அடி கல்லுலயே கெடக்கட்டும், அடுத்த மாசம் அதுதான நமக்கு." அந்தக் கிள்ளலைத்தான் இயக்குநர் கடைசிவரை குளோசப்பில் தேடினார். விரல் நான்கும் பாசியை அணைக்க, கட்டைவிரல் அடியை அழுத்தி, மணிக்கட்டு வெட்டாமல் உள்பக்கமாகத் திரும்ப வேண்டும். இரண்டாம் காலை முழுக்க அதற்கே போனது. போனது நல்லதே. படத்தில் அவர் நடிகையாகத் தெரியாத முதல் ஷாட் அது.

உடுப்பு விஷயத்தில் ஒரு குறிப்பு. கடல்நீரில் நனைந்த பருத்திப் புடவை காய்ந்தால் வெள்ளைக் கோடு விழும், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். ஒரே புடவையில் குறைந்தது நான்கு பிரதி வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்கி ஒன்றாகத் துவைத்துச் சாயம் இறக்கி வைக்க வேண்டும். தீவில் நல்ல தண்ணீர் தாராளமில்லை, அலசுவதற்கென்று தனியாக டேங்கர் சொல்ல வேண்டும். நாளின் வரிசையில் உலர்ந்த காட்சி முதலில், நனைந்த காட்சி பிறகு. தோலைக் கறுப்பாக்க மேக்கப் போடும் வழக்கத்தை இங்கே முயன்று முதல் நாளே கைவிட்டார்கள். சட்டைக் காலரில் அப்பிக்கொண்டது, தண்ணீரில் திட்டுத் திட்டாகக் கரைந்தது. பக்கத்தில் உண்மையில் வெயிலில் உழைத்த முகங்கள் இருக்கும்போது அந்தப் பூச்சு பார்க்கவும் மரியாதையாக இல்லை.

குரல்

இங்கேதான் இந்த நடிகைக்கு லாபம் வந்தது.

நான்கு ஆண்டுகள் அவருக்கு இன்னொருவர் குரல் கொடுத்தார். டப்பிங் கலைஞர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நயன்தாராவுக்குத் தீபா வெங்கட்டும், '96' படத்தில் த்ரிஷாவுக்குச் சின்மயியும் கொடுத்த குரல்களை அந்த முகங்களிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது. ஆனால் ஒரு வட்டாரத்தின் பேச்சில் ஊறிய பாத்திரம் என்று வந்தால் கணக்கு மாறுகிறது. 'பருத்திவீர'னில் பிரியாமணி சொந்தக் குரலில் பேசித் தேசிய விருது வாங்கியதை நினைத்துப் பார்க்கலாம்.

இந்தப் படத்தின் ஒப்பந்தத்தில் "நடிகை தன் சொந்தக் குரலில் டப்பிங் பேசுவார்" என்று ஒரு வரி சேர்த்தது நடிகைதான். ஆனால் முதல் நாள் வாயைத் திறந்ததும் வந்தது சீரியல் தமிழ். அவுக என்று பிறந்ததிலிருந்து சொன்னவர் அவங்க என்றார். அங்கிட்டு போய் அங்கே வந்துவிட்டது, வெள்ளனவும் விரசாவும் காணவில்லை. சென்னையில் கேலிக்குப் பயந்து தேய்த்துக் கழுவிய பேச்சு, கேட்டவுடன் திரும்பாது. அதோடு இந்தக் கரையில் பேச்சு ஊருக்கு ஊர் மாறும். கீழக்கரையில் பேசுவது தங்கச்சிமடத்தில் இல்லை, தொண்டிப் பக்கம் இன்னொரு இழுவை. வட்டார வழக்கு என்று பொதுவாக ஏதோ ஒன்றைப் பேசினால் உள்ளூர்க்காரர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அவர் தன் அயித்தையோடு தினமும் அரை மணி நேரம் போனில் பேசி, அதைப் பதிவு செய்து, மறுபடி கேட்டார். வசனத்தைப் பற்றியே பேசவில்லை, மீன் விலை, கல்யாணம், கரண்டு நின்றது, அவ்வளவுதான். பத்து நாளில் நாக்கு திரும்பியது.

தொழில்நுட்பம் வேறொரு போராட்டம். அலை, காற்று, படகு இன்ஜின், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்தால் ஸ்பாட்டில் எடுக்கும் ஒலி பைலட் டிராக்குக்கு, அதாவது பின்னால் டப்பிங் பேச வழிகாட்டும் ஒலிக்கு, மேல் உதவாது. மைக்கில் ரோம உறை போட்டாலும் வேகக் காற்றில் இரைச்சல் அடிக்கும். ஜெனரேட்டரைக் காற்று போகும் திசையில், கேபிள் எட்டும் மட்டும் தள்ளி நிறுத்த வேண்டும். இந்தக் குழு உருப்படியாகச் செய்த காரியம் வைல்டு டிராக், அதாவது கேமரா ஓடாமல் குரலை மட்டும் தனியாகப் பதிவது. ஒவ்வொரு நாளும் காட்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள், கடலை விட்டு உள்ளே பனைமரக் கூட்டத்துக்கு நடுவே காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யை அணைத்து, மேலே இரண்டு கம்பளியைப் போட்டு மூடி, அன்றைய வசனம் முழுவதையும் மூன்று முறை பேசிப் பதிவு செய்தார்கள். தொண்டையில் உப்பும் உடம்பில் களைப்பும் இருக்கும்போதே எடுத்த குரல் அது.

சென்னையில் டப்பிங் முதல் நாள் தோல்வி. குளிர்ந்த அறை, உட்கார்ந்த நிலை. முங்கி எழுந்து பேசும் வரியில் மூச்சே இல்லை, சுருதியும் சீரியலுக்குப் போய்விட்டது. மறுநாளிலிருந்து நின்றுகொண்டு பேசினார். டப்பிங்குக்காகத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் (லூப்) முன்னால் அதே வரியின் வைல்டு டிராக்கை ஹெட்போனில் கேட்டார். கடல் காட்சிகளுக்கு முன் பதினைந்து முறை உட்கார்ந்து எழுந்தார். உதட்டசைவு நன்றாகப் பொருந்திய சில இடங்களில் கார் ஒலியையே அப்படியே வைத்துக்கொண்டார்கள். படத்தில் கேட்பதில் எது அறை, எது பனங்காடு என்று சொல்ல முடியாது.

குரலும் பாக்கியும்

குரல் கலைக்கு மட்டுமான விஷயம் இல்லை, காசுக்கும் உரியது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். தொடரில் நாள் சம்பளம் 10,000 ரூபாய், மாதம் 16 நாள், ஆக 1,60,000. அதில் சம்பளம் தருபவரே பிடித்துக் கட்டும் வரியான டி.டி.எஸ். 10 சதவீதம், 16,000 போக 1,44,000. அதுவும் கைக்கு வர இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். கார், உதவியாளர், தொடருக்குத் தன் செலவில் வாங்கும் உடைகள் எல்லாம் அதிலிருந்துதான். பிடித்த டி.டி.எஸ். கட்டப்பட்டதா என்று வருமான வரித் தளத்தில் தன் வரிக் கணக்கைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கட்டாமல் விட்டால் நோட்டீஸ் நடிகைக்கும் வரலாம்.

பிப்ரவரியில் தொடர் நாள் ஏழாகக் குறைந்தது, 90,000 ரூபாய் நட்டம். படச் சம்பளம் அதை ஈடுகட்ட வேண்டும், அதுவும் குறித்த நேரத்தில். புதுமுகங்களுக்குப் படத்தில் கடைசித் தவணை நிற்பது சாதாரணம். படப்பிடிப்பு முடிந்ததும் முகம் அவர்கள் கையில் இருக்கிறது, பிறகு யாரைக் கேட்பது? நடிகரின் கையில் மிச்சமிருப்பது குரல் ஒன்றுதான். இந்த ஒப்பந்தத்தில் 30 சதவீதம் கையெழுத்தின்போது, 40 சதவீதம் படப்பிடிப்புக்குள், மீதி 30 சதவீதம் டப்பிங் தொடங்கும் முன் என்று இருந்தது. டப்பிங் அன்று காலை பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் மைக் முன் நின்றார். வேறொருவரை வைத்துப் பேச வைக்கலாம் என்ற வழி தயாரிப்பாளருக்கு இருந்திருந்தால் அந்த 30 சதவீதம் எப்போது வந்திருக்கும் என்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

அதற்குப் பிறகு எழுதிய ஒப்பந்தம்

தொடர் சில மாதங்களில் முடிந்தது. அடுத்த தொடருக்குக் கூப்பிட்டபோது அவர் இரண்டு விஷயங்களை எழுதி வாங்கினார். முதலாவது தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடர்ச்சியாகப் பத்து நாள், 30 நாள் முன்னறிவிப்போடு. 'தொடர்ச்சியாக' என்ற சொல்லும், அந்தப் பத்து நாளுக்குள் அழைத்தால் படக்குழுவுக்கு ஏற்படும் நட்டத்தை யார் ஏற்பது என்பதும் வெளிப்படையாக எழுதப்பட்டன. வேறு பட வேலை இருக்கும் காலத்தில் முடி, புருவம், நகம் எதையும் அவரைக் கேட்காமல் தொடக் கூடாது என்று ஒரு வரி. சேனல் வக்கீல் அதைப் பார்த்து விளக்கம் கேட்டார், சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது, சொந்தக் குரல். இதற்கு ஒரு வாரம் சோதனை முறையில்தான் சம்மதம் கிடைத்தது. தொடர்களில் டப்பிங் ஒளிபரப்புக்கு முந்தின நாள் இரவுவரைகூட நடக்கும். நாயகியின் வரிகளுக்கு எபிசோடுக்கு ஒரு மணி நேரம் என்றால் 26 எபிசோடுக்கு 26 மணி நேரம், எட்டு மணி நேரக் கணக்கில் மாதத்தில் மூன்று வேலை நாளுக்கு மேல். அதை இரவுகளில் பிய்த்துப் பிய்த்துச் செய்தால் மறுநாள் படப்பிடிப்பில் தொண்டை இருக்காது. எனவே 16 படப்பிடிப்பு நாளை 14 ஆகக் குறைத்து, செவ்வாய், வெள்ளி மாலைகளை டப்பிங்குக்கு ஒதுக்கினார்கள். டப்பிங்குக்குத் தனிச் சம்பளம், நாள் சம்பளத்தில் குறைந்த இரண்டு நாளை அது ஈடு செய்தது. பிராம்ப்டிங் மட்டும் முழுதாகப் போகவில்லை. நீளமான காட்சிகளுக்கு முந்தின நாளே வசனத் தாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், வாரத்தில் மூன்று நாள் வருகிறது.